எட்டு நிமிட ஏரி

மார்ச் 4, செவ்வாய்
முகம் மழித்தேன். குளியலறையில் முகம் கழுவும் தொட்டியில் நீர் இறங்க ஏழு நிமிடம். சோப்பு நுரை மேகம்போல மிதக்க, நடுவே என் தாடி மயிர்கள் தீவுக்கூட்டமாக. ஸ்வீடனில் லட்சம் ஏரிகள் உண்டு. என்னுடையது கணக்கில் வராதது.

மார்ச் 7
குன்வோர் ஒரு பெட்டியுடன் வந்துவிட்டாள். ஆறு ஆண்டுகளாக அவரவர் வீட்டில் இருந்தபடியே காதலித்தோம். இங்கே அது வழக்கம்தான். மூன்று வாரம் சேர்ந்து இருந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவளுடைய வாடகை வீடு பதினோரு ஆண்டு வரிசையில் காத்திருந்து கிடைத்தது. விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆகவே பரீட்சை எனக்குத்தான்.

மார்ச் 12
கண்ணாடியில் ஒரு சீட்டு. அடுக்ககத்தின் பொதுச் சலவை அறையில் அயலாருக்கு ஒட்டிவைக்கும் அதே மரியாதையான நடை: "தொட்டியைக் கடைசியாகப் பயன்படுத்தியவர் கவனத்திற்கு. அடுத்தவர் பல் துலக்கும்போது உங்கள் தாடி மேலே வருகிறது. நன்றி." கையெழுத்து இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.
இரவு உணவில் மீன் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

மார்ச் 15
சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினேன். பொங்கியது, பனிமலை மூச்சுவிடுவதுபோல. பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன பார்க்கிறாய் என்றாள். ஏரி என்றேன். அவள் சிரிக்கவில்லை.
இப்போது எட்டு நிமிடம்.

மார்ச் 16
அவள் பெட்டி வாசலருகே நிற்கிறது. போகிறாளா? கேட்டால் என்ன? வாய் வரமாட்டேங்குது — அறுபத்திமூணு வயசுல, ஒரு குழாய்க்குப் பயந்துக்கிட்டு.

மார்ச் 17
காலையில் அவளே சொன்னாள், சீட்டு இல்லாமல்.
"ஏரி வேணும்னா ஊருக்கு வெளிய போய்ப் பாத்துக்கலாம் ஹென்னிங். இங்க எனக்கு மூஞ்சி கழுவணும், அவ்ளோதான்."
வாளியை வைத்து, தொட்டிக்கடியில் வளைகுழாயைக் கழற்றினேன். சாம்பல் நிறப் பிராணி ஒன்று வழுக்கி விழுந்தது: சோப்புப் பிசுக்கு, பற்பசை, மயிர், இந்த உப்சாலா ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு. பழைய பல்துலக்கியால் குழாயைத் தேய்த்தேன். தொட்டியின் துளையில் சல்லடை போட்டேன். இனி மழித்த மயிர் காகிதத்தில் துடைத்துக் குப்பைக்கு. வாரம் ஒருமுறை வெந்நீர்.
நீர் நான்கு விநாடியில் போய்விட்டது. வரைபடத்திலிருந்து ஒரு நாட்டை எடுத்துவிட்டதுபோல் இருந்தது.
மாலையில் பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்
மூன்று வாரம் எப்போதோ முடிந்தது. அவள் இன்னும் இங்கேதான். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
இன்று தன் வீட்டிலிருந்து போன் செய்தாள்.
"அந்த வாளிய எடுத்துக்கிட்டு வா. வியாழக்கிழமை வீடு சுத்தமா இருக்கான்னு பாத்துட்டுத்தான் சாவிய வாங்குவாங்க. வீட்ட விட்டுடறேன்னு மார்ச்லயே எழுதிக் குடுத்துட்டேன். சொல்லணும்னு நெனச்சேன்."
வாளி எதற்கு என்றேன்.
"தொட்டியில தண்ணி எறங்கல. பன்னண்டு நிமிஷம் ஆகுது. பல வருஷமா அப்படித்தான். சிரிக்காத."
மடியில் வாளியுடன் பேருந்தில் போனேன். எங்கே போகிறாய் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. இன்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.