மோத்தியைத் தாங்கிய நீலச் சேலை

உன்னைக் கொன்றது அந்த நான்கு மாடிப் படிக்கட்டா? எனக்குப் பதில் தெரியாது. இதயம் என்றார் டாக்டர். ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்ததாலேயே முதலாவது காரணமாகிவிடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனால் இன்று உன் நீல நூல் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டபோது, உன் நாய் மோத்தியின் வயிறு உரசி வெளுத்துப்போன இடம் கண்ணில் பட்டது. ஆதாரம் தேடும் பொறுமை போய்விட்டது.

மோத்தி இப்போது என்னோடு இருக்கிறான். உன் வாசலிலிருந்து எதிரே என் வாசலுக்கு ஆறடி. அதைக் கடக்க அவனுக்கு மூன்று நாள் ஆனது. பதினைந்து வயது. கண்களில் வெண்படலம். வழுக்கும் தரையில் பின்னங்கால்கள் விலகிப்போவதால் கூடம் முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறேன். மாத்திரையை இட்லிக்குள் ஒளித்துவைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறான். "நர்ஸு வளத்த பிள்ளைட்டி, மருந்து வாசம் தெரியாமலா இருக்கும்?" என்பாய் நீ.

கடைசி ஒரு வருடம் அவனை நீ இறக்கி ஏற்றியதைத் தினமும் பார்த்தேன். இந்தச் சேலையை மடித்து அவன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனைகளையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பற்றி ஏறுவாய். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவாய். பக்கத்திலேயே லிஃப்ட் இருந்தது. அதன் கதவருகே நம் கட்டடத்தின் செயலாளர் ஒட்டிய நோட்டீசும் இருந்தது: பொதுக்குழு முடிவின்படி நாய்களுக்கு அனுமதியில்லை.

ஒருமுறை அவரிடம் கேட்டாய். நான் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை.

"ரூல்னா ரூல்தான் சிஸ்டர். மனுஷா போற லிஃப்ட்."

மறுநாள் மோத்தி அவருடைய ஸ்கூட்டர் சக்கரத்தை நனைத்தான். "இவனுக்கு ஆளு தெரியுது, பாத்தியாட்டி!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். சிரித்து முடித்துப் படியேறினாய். ஒரு நோட்டீசில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் செம்பூரில் நம் கட்டடத்துக்காரர்கள் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

இந்த வாரம் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். நோட்டீஸ் ஒட்டிய காலத்துக்கு முன்னும் பின்னும் நடந்த ஒவ்வொரு கூட்டத்தையும் படித்தேன். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கார் நிறுத்தும் சண்டை இருக்கிறது. நாய் இல்லை. அப்படியொரு முடிவே யாரும் எடுக்கவில்லை. மாணவர்கள் எதைச் சொன்னாலும் "எங்கே இருக்கிறது, காட்டு" என்கிற நான், நீ உயிரோடிருந்தபோது இதைக் கேட்கவில்லை. அந்தச் செயலாளரை மன்னிக்கமாட்டேன். என்னையும்தான். நாளை காலை ஆண்டுக் கூட்டம். அவர் தலை குனிவதை எல்லோரும் பார்க்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

மறுநாள் நடந்தது இது. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காய்ந்த சேலையால் தாங்கி நான் இறக்கிவந்த மோத்தி என் காலடியில் படுத்திருந்தான். புத்தகத்தைச் செயலாளரிடமே நீட்டி, அந்த முடிவை வாசிக்கச் சொன்னேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார்.

"எழுத விட்டுப்போயிருக்கும் மேடம்."

"எந்தக் கூட்டத்துல சார்?"

அவர் புத்தகத்தை மூடிவைத்தார். மூன்றாம் மாடி அம்மாள், "அடப்பாவி, அந்த சிஸ்டர் ஏறி ஏறியே..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். செயலாளர் எழுந்துபோய் நோட்டீசைக் கிழித்தார். கூட்டம் முடிந்ததும் லிஃப்ட் கதவை அவரே எங்களுக்காகத் திறந்து பிடித்தார்.

மோத்தி அதில் ஏறவில்லை. தடுமாறி நடந்து, படிக்கட்டின் அடியில் போய், சேலைக்காகக் காத்து நின்றான்.

அதை அவன் வயிற்றுக்கடியில் கொடுத்தேன். ஒரு முனையைச் செயலாளரிடம் நீட்டினேன். "பிடிங்க சார்."

பிடித்தார். இரண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு நிமிஷம், மேடம்..." என்றார்.

நின்றேன். மோத்திக்காக.