ஐந்து முனியாண்டிகளும் உன் பழைய சிஸ்டமும்

என் ஆசை வசந்தா அண்ணி,

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ. என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய் என்பதற்காக உன்னை ‘நீங்கள்’ என்று கூப்பிட எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை. நீ போய்ப் பத்து மாதம் ஆன பிறகா வரப்போகிறது? அண்ணி என்று கூப்பிடுகிறேனே, அதோடு திருப்திப்பட்டுக்கொள்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீ கட்டிக் காத்த பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டேன். மிஷின் அதேதான், மேசை அதேதான். உள்ளே ஓடுவது மட்டும் இப்போது டாஸ் என்கிற வேறு சிஸ்டம். கோபப்படாதே, முழுவதையும் கேள்.

உனக்கு நினைவிருக்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிள்ளானில் இருந்து தபாலில் ஒரு டிஸ்கெட் வரும். சிஸ்டத்தைப் புதுப்பிக்க என்று எழுதியிருக்கும். போட்டால் ஒன்று சரியாகும், இன்னொன்று கெட்டுப்போகும். ஒருமுறை பிரிண்டர் வாயடைத்துப் போயிற்று. இன்னொரு முறை தேதி எந்தக் காலத்துக்கோ ஓடிவிட்டது. நான் திட்டுவேன். நீயோ டிஸ்கெட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, “அடுத்த டிஸ்க் வரட்டும்டி, எல்லாம் சரியாயிடும்” என்பாய். அந்த நம்பிக்கை உனக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நீ போன பிறகும் டிஸ்கெட் உன் பெயருக்கே வந்தது. உறையின் மேல் உன் பெயரைப் பார்த்ததும் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்தேன். நீ இருந்தால் போட்டிருப்பாய் என்று நினைத்து நானும் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

வீட்டுமனைப் பட்டியலை நீ எப்படி வைத்திருந்தாய் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபைல். ஃபைலுக்கு வீட்டுத் தலைவர் பெயர். வரிசை வீடுகள் கொண்ட ஒவ்வொரு லயத்துக்கும் மிஷினுக்குள் ஒரு தனி அறை. மூன்றாம் லயத்து முனியாண்டி ஓர் அறையில், ஏழாம் லயத்து முனியாண்டி இன்னோர் அறையில். ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் இருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன்.

புது டிஸ்கெட் அந்த அறைச் சுவர்களையெல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டது. ஒரே பெயர் இரண்டு ஃபைலுக்கு இருந்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டது. முனியாண்டியும் ஆறுமுகமும் பெருமாளும் நிறைந்த நம் தோட்டத்தில் என்ன ஆகும், நீயே சொல். ஐந்து முனியாண்டிகளில் ஒருவர்தான் மிஞ்சினார். நான்கு ஆறுமுகங்களும் மூன்று பெருமாள்களும் அப்படியே. அச்சடித்து எண்ணிப் பார்த்தால் ஒன்பது குடும்பங்களைக் காணவில்லை.

நகல் டிஸ்கெட்டை எடுத்துப் போட்டேன். வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. காகிதத்தில் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், மிஷின் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது? டாய்லெட்டுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நம் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “மாசக் கடைசியில டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குப் போயாகணும் கலா. பட்டியல்ல இருக்கற பேருக்குத்தான் மனை. இல்லாதவங்களுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது லா” என்றார். தோட்டத்தைப் பிரித்து விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்டது. மனை கிடைக்காத குடும்பம் லயத்தை விட்டு எங்கே போகும்? என் விரல் ஒரு பட்டனை அழுத்தியதற்கு ஒன்பது குடும்பம் தெருவில் நிற்பதா?

கிள்ளானுக்குப் போன் போட்டேன். திருத்தம் என்று இன்னொரு டிஸ்கெட் அனுப்பினார்கள். போட்டதும் பிரிண்டர் மறுபடியும் படுத்துக்கொண்டது. அப்போதே எனக்கு இந்த சிஸ்டத்தோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கோலசிலாங்கூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஆ ஹோக்கை வரச் சொன்னேன். தோட்டப் பக்கம் வளர்ந்த சீனப் பையன், தமிழை அவன் பாணியில் பேசுவான். பார்த்துவிட்டு, “இது வேணாம் லா, அக்கா. டிஸ்க் வர வர இன்னும் கெட்டுப்போகும். டாஸ் போடலாம். ஒவ்வொரு லயத்துக்கும் தனி இடம் தரேன், சுவர் இடியாது” என்றான். பெரிய கிராணியைப் பார்த்தேன். “உங்க அண்ணி வெச்சது. நீயே முடிவு சொல்லு” என்று நகர்ந்துவிட்டார்.

பழையதில் மிஞ்சியிருந்த குடும்பங்களை எல்லாம் திரையைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாளில் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அவன் கேட்டான், “அழிச்சிடவா அக்கா?”

மிஷினை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். காரணம் உனக்குத் தெரியும். மிஷினைத் திறந்ததும் ‘வணக்கம் வசந்தா’ என்று ஆங்கில எழுத்தில் திரையில் வரும்படி நீ செய்து வைத்திருந்தாய். ஆபீஸில் எல்லோரும் உன்னை ‘உங்க அண்ணி’ என்றுதான் சொல்கிறார்கள். என் மனம் நோகுமாம். பத்து மாதமாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அந்த மிஷின் ஒன்றுதான். அதை எப்படி அழிக்கச் சொல்வது? ஆனால் ஒன்பது குடும்பத்தின் பெயரைத் தின்றுவிட்டு உன் பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது பார், அது எனக்குப் பொறுக்கவில்லை. அழி என்றேன்.

அதற்குப் பிறகு நோட்டும் பேனாவுமாகச் சைக்கிளில் லயம் லயமாகப் போனேன். பெயர் ஒன்றாக இருந்தால் அப்பா பெயரை வைத்துத்தானே பிரிக்க முடியும். ஆண்கள் எல்லாம் செம்பனைக் குலை வெட்டப் போயிருந்தார்கள், அடையாளக் கார்டும் அவர்களோடு போயிருந்தது. வீட்டில் இருந்த பெண்களைத்தான் கேட்க வேண்டும். ஐந்தாம் லயத்துப் பாக்கியம் அக்காவிடம், “முனியாண்டி அண்ணனோட அப்பா பேர் என்னக்கா?” என்றேன்.

“மாமனார் பேர நான் எப்படி லா சொல்றது?”

“சொன்னாத்தானேக்கா எழுதலாம்.”

“கோவணத்தோட மலை மேல நிக்கிறாரே, அவரு பேரு.”

“தண்டபாணியா?”

“இல்லடி, ஊர் பேர முன்னால போட்டுக்க.”

“பழனியாண்டியா?”

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். இப்படியே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாமியைக் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் மூன்று சாமி மாறிப் பெருமாளில் வந்து நின்றோம். நீ எப்படி அத்தனை குடும்பத்திடமும் இதையெல்லாம் கேட்டு வாங்கினாய்? ஒருநாளும் என்னிடம் சொன்னதே இல்லையே.

கடைசியாக நம் வீடு. ஆமாம், அழிந்துபோன முனியாண்டிகளில் என் அண்ணனும் ஒருவர்தான். எல்லா வீட்டிலும் கேட்ட மாதிரியே அண்ணனிடமும் வரிசையாகக் கேட்டேன். மனைவி பெயர் என்று வந்ததும் என் கையிலிருந்த நோட்டை வாங்கி அவரே எழுதினார். பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “அத நீ போட்டுக்க கலா” என்றார். மறுநாள் ஆபீஸில் உன் பெயருக்குப் பக்கத்தில் இறந்துவிட்டார் என்பதை மலாயில் நான்தான் தட்டினேன். அதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பட்டியல் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. பிரிண்டர் ஒரு பக்கம்கூட மக்கர் செய்யவில்லை. இப்போது மிஷினைத் திறந்தால் வணக்கமும் கிடையாது, யார் பெயரும் கிடையாது. சும்மா ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன வேலை என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். நிம்மதியாக இருக்கிறேன் அண்ணி, உன்னிடம் பொய் சொல்வானேன்.

போன சனிக்கிழமை புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் மனைக் கடிதம் கொடுத்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி அப்பா பெயரை விட்டுவிட்டு “முனியாண்டி” என்று படித்தார். ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பட்டியலைப் பார்த்தார், ஐந்து பேரையும் பார்த்தார், “யாங் மானா சத்து?” என்றார். எந்த முனியாண்டி என்று அவருக்குச் சந்தேகம். மண்டபமே சிரித்தது. பெரிய கிராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து, “செமுவா, என்சேக்” என்றேன். எல்லோரும்தான், ஐயா. ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து போய் வாங்கினார்கள். நம் வீட்டு முனியாண்டி நான்காவது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த டிஸ்கெட் வந்தாலும், எந்த சிஸ்டம் வந்தாலும், காகிதத்தில் எழுதி வைக்காமல் ஒரு பட்டனையும் தொடமாட்டேன். இந்தத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் பெயரும் என் கையால் காணாமல் போகாது. அந்தக் காகிதத்தில் நம் வீட்டுக் கணக்கில் ஆள் எத்தனை என்று கேட்டால், அதிகாரி எண்ணுவதைவிட ஒன்று கூட்டித்தான் எழுதுவேன். திருத்தச் சொன்னால் என்னிடம் வந்து கேட்கட்டும்.

உன் நாத்தனார்,
கலா