ஒன்பதாவது ஆள் மட்டை பிடித்த நாள்

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

ஓகூஸ் நகரத்தில் வேலைக்கு எழுதிப்போட்ட இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. விளையாட்டுப் போட்டிகளைக் கணினியில் நடத்திப் பார்க்கும் நிறுவனம் அது. நேர்முகத்துக்கு ஒரு வேலை செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்: பேஸ்போலில் ஜப்பானின் சம்பியன் அணியும் அமெரிக்காவின் சம்பியன் அணியும் ஏழு ஆட்டத் தொடரில் மோதினால் யார் வெல்வார்? வீரர்களின் தரவுகளை அவர்களே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் என் பாடு.

பேஸ்போல் ஆட்டம் ஒன்றை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. அதனால் என்ன? எங்கள் தமிழ் கிரிக்கெட் கழகத்துக்கு எத்தனையோ வருடம் ஸ்கோர் எழுதியவள் நான். மட்டை, பந்து, ஓட்டம் — எல்லாம் ஒரு குடும்பம்தானே. ஒரு பின்னேரம் இருந்து விதிகளை வாசித்தேன். ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் ஆட்டமிழந்தால் மற்றப் பக்கம். இவ்வளவுதான்.

இந்த வேலை எனக்கு வேண்டும். இங்கே டென்மார்க்கில், வைலே நகரத்தில், எங்கள் களஞ்சியத்தின் திட்டமிடல் பிரிவை மார்ச் முடிவில் மூடுகிறார்கள். இந்த வயதில் வேலையில்லாதவர்கள் பதிகிற ஜொப்சென்டரில் போய்க் குந்தியிருக்க என்னால் ஏலாது.

8 பெப்ரவரி, சனி

நிரலை எழுதி முடித்துவிட்டேன். நூறு தொடர் நடத்தினால் அமெரிக்கா எழுபத்தொன்றை வெல்கிறது. அவர்களின் முதல் மூன்று பேரும் காட்டடி அடிக்கிறவர்கள். ஜப்பான்காரர் ஒன்பது பேரும் ஒரே அளவு.

ஒரு ஆட்டத்தை விரித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் முதல் ஆள் ஒன்பது தடவை மட்டை பிடித்திருக்கிறான். கெட்டிக்காரன். ஜப்பானின் ஒன்பதாவது ஆளுக்குத் தொடர் முழுக்க ஒரே ஒரு தடவைதான் கிடைத்திருக்கிறது. பாவம்.

என் மனுசன் லூக்காஸ் ஜப்பான் பக்கம். ஏன் என்று கேட்டால், "எங்கட ஜப்பான் கார் இவ்வளவு வருசமா ஓடுதே, அது காணாதே?" என்கிறார். பந்தயம் கட்டினோம். தோற்றவர் நாலு ஞாயிறு புட்டு அவிக்க வேண்டும். இப்போதே மா குழைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன். வழக்கமாகவும் அவர்தான் அவிக்கிறவர், அது வேறு கதை.

9 பெப்ரவரி, ஞாயிறு

சபையில் சாட்சி நேரம், கர்த்தர் செய்ததை எழும்பிச் சொல்லுகிற நேரம். எழும்புகிற எண்ணமே இருக்கவில்லை, கால் தானாக எழும்பியது. "கர்த்தர் எனக்கு ஓகூஸில வேலை தந்திட்டார். விசுவாசத்தில சொல்லுறன்," என்றேன். அல்லேலூயா சத்தம் கூரையைத் தூக்கியது. ஆராதனைக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றுகிற கிருபாமலர் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து, சம்பளம் எவ்வளவு என்று கேட்டா.

காரில் லூக்காஸ் சொன்னார்: "நேர்முகம் முடிஞ்சாப் பிறகு சொல்லியிருக்கலாம், ஜெனி."

"நடந்தாப் பிறகு சொல்லுறது செய்தி. முதலே சொல்லுறதுதான் விசுவாசம்."

மனுசன் ரேடியோவைப் போட்டார்.

11 பெப்ரவரி, செவ்வாய்

நேர்முகத்தில் சொல்லப்போவதை மகள் டிலக்ஷிக்கு முன்னால் டேனிஷில் சொல்லிப் பார்த்தேன். நான் தமிழில் என்ன கேட்டாலும் டேனிஷில்தான் பதில் வரும், ஆனாலும் திருத்தியது ஒரே ஒரு சொல்.

13 பெப்ரவரி, வியாழன்

ஓகூஸில் நேர்முகம். மெத்தா என்ற பெண்தான் அங்கே தலைமை. திரையில் ஒசாக்காவிலிருந்து மோரி என்றொருவர். நான் விளக்க விளக்க மெத்தா தலையாட்டிக்கொண்டிருந்தாள். மோரிதான் கடைசியில் கேட்டார்: "எங்கள் ஒன்பதாவது ஆளுக்கு என்ன நடந்தது? அவருக்கு உடம்பு சரியில்லையா?"

அவருக்கு முறை வரவில்லை என்றேன்.

"ஏன் வரவில்லை? ஒரு இன்னிங்ஸ் நாலாவது ஆளோடு முடிந்தால், அடுத்ததை ஐந்தாவது ஆள்தானே தொடங்குவார்?"

ஐயோ ஆண்டவரே. புது இன்னிங்ஸ் எண்டா ஓப்பனர்தான் இறங்குவான் — அது ஆருக்குத் தெரியாது? அதை நான் யோசிக்கவே இல்லை, கை தன்ரபாட்டில எழுதிப்போட்டுது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முதல் ஆளையே திருப்பித் திருப்பி இறக்கியிருக்கிறன். அதுதான் அவன் ஒன்பது தரம்! கண்ணுக்கு முன்னால கிடந்தது. கெட்டிக்காரன் எண்டு எழுதிப்போட்டு நித்திரைக்குப் போனனான்.

அந்த நேரம் பார்த்துக் கிருபாமலர் அன்ரியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஆனாலும் வாய் நிற்கவில்லை. "இது பிழை," என்றேன். "நான் கிரிக்கெட்டோடு வளர்ந்தவள். அங்கே புது இன்னிங்ஸ் முதல் ஆளிலிருந்துதான் தொடங்கும். அது இதற்குள்ளும் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தாருங்கள்." கேட்டேனே தவிரப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய திரையிலேயே திருத்தினேன். ஒரு வரிதான். மறுபடி ஓடவிட்டேன்.

நூறில் ஐம்பத்தாறு ஜப்பானுக்கு. எல்லாருக்கும் முறை வந்தால், ஒன்பது பேரும் ஒரே அளவாக இருக்கிற அணிக்குத்தான் பலம். அதையும் நானே விளக்கினேன். மோரி ஒரு கடைசி ஆட்டத்தை விரிக்கச் சொன்னார். வெற்றி ஓட்டத்துக்கான அடியை அடித்தது அந்த ஒன்பதாவது ஆள். மோரி கைதட்டினார். மெத்தா எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் "ஜப்பான் வென்றது" என்று மட்டும் சொன்னேன். லூக்காஸ் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

16 பெப்ரவரி, ஞாயிறு

சபைக்குப் போனேன். போகாவிட்டால் கதைப்பினம்.

"எப்ப பிள்ளை வேலை தொடங்குது?" என்று கிருபாமலர் அன்ரி.

"கெதியில, அன்ரி."

புட்டு அவித்தேன். பந்தயம் பந்தயம்தான். கல்லுக் கல்லாக வந்தது. டிலக்ஷி டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள், நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

கிடைக்காவிட்டால்? எந்த முகத்தோட சபையில அந்தக் கதிரையில போய் இருக்கிறது?

கிடைக்கும்.

19 பெப்ரவரி, புதன்

போன் அடித்தது. பல் வைத்தியர்.

2 மார்ச், ஞாயிறு

சாட்சி நேரத்தில் இன்று நான் எழும்பவில்லை. பக்கத்தில் லூக்காஸ் எழும்பினார். சபையில் பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கிற மனுசன்.

"என்ர மனுசி போன மாசம் ஓகூஸில எல்லாருக்கும் முன்னால பிழை விட்டவ," என்று தொடங்கினார். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். இருக்கவில்லை. "அதை எல்லாருக்கும் முன்னாலயே திருத்தினவ. பிழை விடாத ஆக்கள் கனபேர் வந்தவையாம், இப்பிடித் திருத்தின ஆள் இவ ஒராள்தானாம். வெள்ளிக்கிழமை அந்த மெத்தா போனில சொன்னவ. ஏப்ரலில தொடங்குறா. கர்த்தருக்குத் தோத்திரம்."

முதல் அல்லேலூயா கிருபாமலர் அன்ரியுடையது. நான் குனிந்துகொண்டு அழுதேன். என்னத்துக்கு மறைக்கிறது, சந்தோசத்தில்தான் அழுதேன். தினமும் ஓகூஸ் போய்வர ரயில் அட்டைக்கும் சொல்லியாகிவிட்டது.

புட்டு இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி. பின்னேரம் குசினியில் டிலக்ஷி தகப்பனிடம் கெஞ்சுவது கேட்டது: "அப்பா, அடுத்த கிழமை நீங்களே அவியுங்கோ, பிளீஸ். அம்மான்ர புட்டை என்னால சாப்பிட ஏலாது."

நல்ல தமிழில்.