லீவு ஊசி

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு மஹிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே மாமியின் முட்டிவலியைத் தவிர எல்லாம் சுகம். போனில் பேசினால் உங்கள் ரூமில் எட்டுப் பேர் காது. அதனால் லீவு முடிந்து விமானம் ஏறும் உங்கள் ரூம் பைரோஸ் அண்ணன் கையில் கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடியைச் சுற்றிய துணிக்குள் இதை வைத்துத் தைத்திருக்கிறேன். தனியாகப் படியுங்கள்.

போன வாரம் அவர் மனைவி சுஹைனா சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊருக்குக் கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே ரூமில் ஆளாளுக்கு ஊசி போட்டுக்கொள்வீர்களாம். லீவு ஊசி என்று அதற்குப் பேராம். ஜிம்மில் யாரோ போட்டுவிடுவாராம். போன லீவில் கொடுத்த டெஸ்டில் உங்களுக்கு விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்ததே, அது அவளுக்குத் தெரியாது; அந்த லீவு முடிந்து திரும்பியதிலிருந்து நீங்கள் இரட்டிப்பாகப் போடுகிறீர்களாம். நானும் சிரித்துவைத்தேன்.

பைரோஸ் அண்ணன் போனில் இருந்த மருந்து பாட்டில் படத்தை வாங்கிக்கொண்டு கடலூர் டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது ஆண் ஹார்மோனாம். வெளியிலிருந்து அது ஏற ஏற, உடம்பு தன் வேலையை நிறுத்திவிடுமாம். தெம்பு வரும், பிள்ளை வராது என்றார். ரத்தமும் கெட்டியாகுமாம். நீங்கள் முன்பு செராமிக் சூளையில் வேலை பார்த்ததைச் சொன்னேன். அந்தச் சூடும் கெடுத்திருக்கலாம், ஆனால் இப்போது கெடுப்பது ஊசிதான் என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது மச்சான். ஒன்பது வருஷம் நான் விழுங்கிய மாத்திரைக்குக் கணக்கே இல்லை. கருக்குழாயில் அடைப்பு பார்க்கும் டியூப் டெஸ்ட் மட்டும் மூன்று தடவை. ஒவ்வொரு லீவு முடிந்ததும் மாமி காலண்டரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

இருக்கும் நாற்பது நாளில் ஒரு குறை தெரியக்கூடாது என்று பயந்திருப்பீர்கள். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன ஊரைக் கூட்டியா சிரிக்கப்போகிறேன்?

நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அங்கேயே நல்ல டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி விடுங்கள். கொஞ்ச நாள் சோர்வாக இருக்குமாம், ஆசையே வராதாம். அணு திரும்ப ஒரு வருஷம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. ஆறுதலுக்காக நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மாமி இங்கே பக்கத்து மங்களூரில் பெண் பார்த்துவிட்டார். இந்த லீவிலேயே உங்களுக்கு இரண்டாவது நிக்காஹாம். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. நேற்று அவளுக்குச் சேலை எடுக்க என்னையே கடைக்குக் கூட்டிப்போனார். எந்தக் கலர் என்று கேட்டார். பச்சை என்றேன்.

உங்கள் ரிப்போர்ட் பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில்தான் இருக்கிறது. யாருக்கும் காட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினீர்கள், காட்டவில்லை. நீங்களே சொன்னால்தான் மாமி நம்புவார். சொல்லாவிட்டால், இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணும் அதே காலண்டர் முன்னால் நிற்பாள்.

என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். சோர்ந்த உடம்போடு வந்தாலும் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். உங்கள் அம்மா முன்னால் வாய் திறக்கும் தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் ஒரே மனைவி,
மஹிரா