ஏழாவது ஆள்

இராசமலர் அறிய,

இங்கே நான் நல்ல சுகம். உமது மூட்டுவலி எப்படி?

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். நான் மனேஜர் இல்லை. ஸ்காபரோவில் ஜெர்மன்காரரின் உதைபந்தாட்டக் கிளப்பில் பியர் கிளாஸ் கழுவுகிறவன். கொழும்பில் வெள்ளவத்தை முழுக்க மனேஜர் என்று சொல்லியிருப்பீர், இனி மாற்ற வேண்டாம்.

இந்தக் கிளப்பை ஐம்பத்திரண்டில் கப்பலில் வந்த தச்சர்களும் இறைச்சிக் கடைக்காரரும் தொடங்கினார்களாம். சுவர் நிறையக் கோப்பையோடு நிற்கிற படங்கள். அதில் நிற்பவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள், மீதிப்பேர் பாருக்குள். பிள்ளைகளோ ஐஸ் ஹொக்கிக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு முறை நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் நின்றால் லீக்கில் பெயரை வெட்டுவார்கள், கிளப்பும் மூடப்படும். பிறகு உம்மைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு வேலைக் கடிதம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர்தான் வந்தார்கள். தலைவர் ஓட்டோ, எழுபது வயதுக் கிழவர், என்னைக் கோலுக்குள் நிற்கச் சொன்னார்.

"அண்ணை, உங்கட தொப்பை வண்டியே கோலை அடைக்கும்," என்றான் அந்த ஆறு பேரில் ஒருவனான கிளப் சமையல்காரக் கஜீவன்.

"அடைச்சாத்தான்ரா உனக்கும் சம்பளம்," என்றேன்.

பாதி ஆட்டத்துக்குள் ஒன்பது கோல். ஓட்டோ கவலைப்படவில்லை. கடைசிவரை ஏழு பேரும் நின்றால் போதுமாம்.

வறுத்த கறித்தூள் கொஞ்சம் அனுப்பும். உமது குரலையும் ஒரு கசெற்றில் பதிந்து அனுப்பும். லொட்ஜில் உமது பக்கத்து அறைக்காரியைத் திட்டினாலும் போதும், ஒரு பக்கம் நிறையத் திட்டும். தபாற்காரன் வரும் நேரம், முடிக்கிறேன்.

உமது
தியாகலிங்கம்

பி.கு. ஆட்டத்தின் முடிவை எழுத மறந்துவிட்டேன். பத்தாவது பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, எங்கள் கப்டனின் முழங்காலில் விழுந்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர் மிச்சப் பேரை எண்ணிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.