ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தவன்

என் அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம். நம் விமர்சனப் பக்கத்துக்கு வருகிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: போர்க்காலப் படங்கள் மூன்றில் மூன்றாவது எங்கே? த்ரில்லரை நான் எழுதினேன். இருட்டும் துரோகமுமான அந்த நுவார் படத்தை நீ எழுதினாய். நகைச்சுவைப் படத்தைச் சேர்ந்து எழுதுவதாக இருந்தோம். குண்டு விழுகிற காலத்தில் சிரிப்புப் படம் எடுத்தவர்களுக்கு என்ன துணிச்சல் என்று நீதான் ஆரம்பித்தாய்.

போன ஞாயிறு ராஜா அண்ணாமலைபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். மாமா உன் லேப்டாப்பை எடுத்துத் தந்தார். அந்த நகைச்சுவைப் படம் நாற்பத்தேழாவது நிமிடத்தில் நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நீ நிறுத்திய இடம். அதுவரை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். நான் கைப்பழக்கத்தில் வேகத்தை ஒன்றரை மடங்காக்கி ஓடவிட்டேன். எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன், அக்கா. உன்னிடம் சொன்னதில்லை. கதை புரிந்தால் போதாதா? வேலையிலும் நான் செய்வது அதுதான், ஒலி சிக்னலில் வேண்டாத இரைச்சலை வெட்டி எறிவது.

மாமா காப்பி டம்ளரோடு வந்து நின்றார். "ஏன்டா, எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி பேசுறாங்க?"

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவளுக்குத் தெரியும்டா. நீ எழுதினா படத்துல ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்கன்னு சொல்லுவா."

உடனே என் த்ரில்லர் விமர்சனத்தைத் திறந்தேன். எல்லோரும் பாராட்டிய அந்த ஒரு வரி: விமானச் சத்தம் கடந்துபோகும்வரை விளக்கணைந்த வீட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கிறார்கள், பயம் அங்கேதான் இருக்கிறது. பிழை திருத்தும்போது நீ சேர்த்த வரி. என் பெயரில் கிடக்கிறது. பாராட்டுக்கெல்லாம் நானும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை?

அந்தக் காட்சியை நேற்று அதன் வேகத்திலேயே பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு முறை கை பட்டனுக்குப் போனது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்காலில் தட்டி நிறுத்த நீ இல்லை.

அந்த வரிக்குக் கீழே இன்று உன் பெயரைப் போட்டுவிட்டேன். ஏன் என்பதையும் எழுதிவிட்டேன். நாலு பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும்.

வரும் ஞாயிறு மாமாவோடு உட்கார்ந்து சிரிப்புப் படத்தை முதலிலிருந்து பார்ப்பேன், ஒரு நொடிகூடத் தாண்டாமல். நாற்பத்தேழாவது நிமிடம்வரை நீ எங்கெங்கே சிரித்தாய் என்று அவர் சொல்வார். அதற்கப்புறம் உனக்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும். சிரிப்பு வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுவேன்.

இன்னமும் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்
உன் தம்பி