பெருங்கற்களடியில் ஒரு பெரட்டு

டயகம, 12.07.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மூன்று நாள் ஆழ்ந்து யோசித்து, போன திங்கட்கிழமை, காலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பெயர் கூப்பிடும் பெரட்டை மலைமேல் உள்ள பெருங்கற்களடிக்கு மாற்றினேன். கொழுந்தெடுக்கும் இடத்துக்கு இருநூறு அடி நடை மிச்சம்.

நிற்கும் கற்கள் மூன்று, மேலே ஒரு பலகைக்கல். ஆதிமனிதர் வைத்தவையாம். எதற்கென்று எழுதிவைக்கவில்லை.

"இங்க யாரு பேரையும் கூப்பிடாதீங்க ஐயா. கல்லு கேட்டுக்கிட்டு இருக்கு, பேர எடுத்துக்கும்" என்றார் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா.

"கேட்கட்டும், அதையும் வேலைக்குச் சேர்ப்பம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பழக்கத்தில் பேச்சியம்மாவின் மகள் சுலக்ஷனாவின் பெயரையும் வாசித்துவிட்டேன். அவள் பிரசவத்துக்காக டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கற்களுக்குள்ளிருந்து "இருக்கேங்க" என்று அவள் குரல் வந்தது. எதிரொலி என்று முடிவுசெய்தேன். மற்றவர்கள் கைதான் தூக்கினார்கள், அந்தச் சொல்லை அதற்குமுன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. பேச்சியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு ஓடினார்.

தடித்த காலுறையும் பனங்கட்டியும் அனுப்புங்கள். கடிதத்தில் என் பெயரை நாலைந்து இடத்தில் எழுதுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் ஐயாதான். தபால் பையைக் கட்டுகிறார்கள்.

மகன்,
சஞ்சயன்

பி.கு.: பயப்படாதீர்கள், சுலக்ஷனா வெள்ளிக்கிழமை லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.